திரை எதை மறைக்க வேண்டும்?

‘நாவலில் இருந்த அந்த இடம் படத்தில் இல்லையே!’

2022 செப்டம்பர் 30ஆம் நாள் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வெளியானதிலிருந்து நாம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வாக்கியம் இது. 2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகம் வந்தபோது அந்த வாக்கியம் ஒரு பட்டியலாக வளர்ந்துவிட்டது. மணிமேகலை எங்கே? சேந்தன் அமுதனுக்கு உரிய இடம் எங்கே? மதுராந்தகன் யார் மகன் என்ற இரகசியம் என்னவாயிற்று? இலக்கியக் கூட்டங்களிலும் பேராசிரியர் அறைகளிலும் தமுக்கத்துப் புத்தகத் திருவிழாவின் தேநீர் மேசைகளிலும் இந்தப் பட்டியலே விமர்சனம் என்ற பெயரில் உலவியது, இன்றும் உலவுகிறது.

இதற்கு எதிரணியும் உண்டு. ‘நாவல் வேறு, சினிமா வேறு, இரண்டையும் ஒப்பிடக் கூடாது’ என்பது அவர்களுடைய மந்திரம். கேட்பதற்கு நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு விவாதத்தை முடித்துவைக்கும் வாக்கியமே தவிர, தொடங்கிவைக்கும் வாக்கியம் அன்று. வேறு என்றால் எந்த வகையில் வேறு, அந்த வேறுபாட்டில் நாம் எதை இழந்தோம், எதைப் பெற்றோம் என்று அடுத்த கேள்வி கேட்டால் அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

இவ்விரு தரப்பினரோடும் நமக்கு வழக்கு உண்டு. முதல் தரப்பு தவறான பொருளை எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் தரப்பு எண்ணவே மறுக்கிறது.

முதலில் ஒரு சிறு தெளிவு. ‘பொன்னியின் செல்வன்’ வரலாற்று நாவலாயிற்றே, அதை மிகுபுனைவு என்ற தட்டில் எப்படி வைப்பது என்று சிலர் கேட்கக்கூடும். ஆங்கில மரபில் டோல்கீன் வகை நாவல் செய்கிற காரியத்தை, அதாவது வாசகரை அன்றாடத்திலிருந்து பெயர்த்தெடுத்து முழுமையான வேறோர் உலகத்தில் ஆண்டுக்கணக்கில் குடியமர்த்தும் காரியத்தை, தமிழில் செய்தது சோழர் காலத்துக் கற்பனைதான். 1950இல் தொடங்கி 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த அந்தக் கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! பேயாக நடமாடும் பெண், வானில் தோன்றும் தூமகேது, ஆந்தைக் குரலில் பேசிக்கொள்ளும் சதிகாரர்கள், காவேரியில் விழுந்த குழந்தையைக் கையில் ஏந்தித் தந்த தெய்வமகள்... வரலாறு அங்கே தரை மட்டும்தான். மேலே எழும்பிய மாளிகை மாயத்தால் ஆனது.

அந்த மாயம் எதனால் ஆனது என்பதே நம் கேள்வி.

பல்கேரியாவில் பிறந்து பிரான்சில் எழுதிய த்ஸ்வெதான் தொதரோவ் 1970இல் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு ஒரு விடை தந்தார். ஒரு விந்தை நிகழ்கிறது. அது இயற்கையின் விதிக்கு உட்பட்டதா, அதற்கு அப்பாற்பட்டதா என்று வாசகர் முடிவு செய்ய முடியாமல் தயங்குகிறார். அந்தத் தயக்கம் நீடிக்கும் வரைதான் அது மாயப்புனைவு. ‘இது வெறும் தந்திரம்’ என்றோ ‘இது தெய்வச் செயலேதான்’ என்றோ முடிவாகிவிட்டால் கதை வேறொரு வகைக்குள் நுழைந்துவிடுகிறது. தொதரோவின் வரையறை குறுகலானது என்று பலர் மறுத்திருக்கிறார்கள். அவருடைய கறாரான கணக்கில் டோல்கீனுக்கே இந்த வகைக்குள் இடம் கிடைக்காது. ஆயினும் ஐயம்தான் மாயத்தின் உயிர்நாடி என்ற அந்த ஒரு செய்தியை நாம் எடுத்துக்கொள்வோம். நாவலையும் திரையையும் ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் நமக்குக் கிடைக்கவில்லை.

உலகறிந்த எடுத்துக்காட்டையே முதலில் பார்ப்போம். பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று பாகங்களாக எடுத்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வந்தபோது அங்கேயும் பட்டியல்காரர்கள் இருந்தார்கள். டாம் பாம்படில் என்ற பாத்திரம் விடுபட்டதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். ஆனால் மோரியாச் சுரங்கத்தில் வரும் பால்ராக் என்ற பூதத்துக்குச் சிறகு உண்டா இல்லையா என்று நாவலின் வாசகர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வந்தார்கள். டோல்கீன் முதலில் அதன் நிழலைச் சிறகுகளுக்கு உவமை காட்டுகிறார். சற்றுத் தள்ளிச் சிறகு என்றே சொல்லிவிடுகிறார். உவமையா, உடலா? அந்த மயக்கத்தில்தான் பூதம் வாழ்கிறது. 2001இல் படம் வந்தது. பால்ராக்குக்குச் சிறகு முளைத்தது. திரையளவில் வழக்கு முடிந்தது. இதேபோல் சாரோனின் கண். நாவலில் அது மந்திரக் கண்ணாடியிலும் அஞ்சிய மனத்திலும் தொலைவில் ஒரு கணப் பார்வையிலும் மட்டுமே தோன்றி மறைவது. படத்தில் கோபுர உச்சியில் கலங்கரை விளக்கம்போல் எரிந்துகொண்டே இருக்கிறது. பாம்படில் விடுபட்டதில் நாவலுக்குப் பெரிய சேதமில்லை. கண் எப்போதும் தெரிந்ததில்தான் சேதம்.

இது டோல்கீனுக்கே தெரிந்திருந்தது. தேவதைக் கதைகளைப் பற்றி 1939இல் ஆற்றிய உரையிலிருந்து விரிந்த கட்டுரையில், ஒரு கதை ‘குன்று’ என்று சொன்னால் கேட்பவர் ஒவ்வொருவரும் தாம் அறிந்த குன்றுகளிலிருந்து தமக்கான ஒன்றைக் கட்டிக்கொள்கிறார், ஓவியமும் நாடகமும் எல்லோருக்கும் ஒரே குன்றைத் திணித்துவிடுகின்றன என்ற பொருளில் எழுதியிருக்கிறார். மதுரைக்காரர் ‘மலை’ என்று வாசித்தால் யானைமலை எழுந்து நிற்கும், நாகமலை நீளும். திரையில் வருவது எவருடைய மலையும் அன்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கல்கியின் நாவலில் நோயுற்றுக் கிடக்கும் சுந்தர சோழர், இறந்துபோனதாக நம்பும் ஒருத்தி இரவில் தம் முன் வந்து நிற்பதாகக் கதறுகிறார். அது ஆவியா, காய்ச்சலின் பிதற்றலா, யாரோ நடத்தும் சூழ்ச்சியா என்று நமக்குப் பல அத்தியாயங்களுக்குத் தெரியாது. ஊமைராணிக்கும் நந்தினிக்கும் உள்ள உருவ ஒற்றுமையும் அப்படித்தான் கசிகிறது. ஒருவர் கண்டதை மற்றொருவரிடம் சொல்கிறார். கேட்டவர் தாம் கண்டதோடு பொருத்திப் பார்த்துத் திகைக்கிறார். அந்த இரு முகங்களையும் வாசகர் ஒருபோதும் அருகருகே பார்ப்பதில்லை. எனவே நம்பவும் முடிவதில்லை, நம்பாமல் இருக்கவும் முடிவதில்லை.

படத்தில் என்ன ஆயிற்று? முதல் பாகத்தின் இறுதியில் நீருக்கடியில் அந்த முகத்தைக் காட்டினார்கள். ஐஸ்வர்யா ராயின் முகம். திரையரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது உண்மை. ஆனால் அந்தக் கணத்திலேயே ஐயம் செத்துப்போனது. தமிழ்ப் பார்வையாளருக்கு இரட்டை வேடம் என்பது பழகிய பண்டம். ‘உத்தம புத்திரன்’ காலத்திலிருந்து நாம் அதைப் பார்த்து வருகிறோம். உரைநடையில் திகைப்பாக இருந்தது திரையில் வழக்கமாகிவிட்டது.

இதைவிடப் பெரிய இழப்பு கடம்பூர் மாளிகையில் நிகழ்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? நாவலில் தீர்மானமான கணத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. இருளில் ஒரு மரணம். பிறகு ஐயம் நாலாபுறமும் பாய்கிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பதற்காக மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தம் கையைக் காட்டுகிறார். சதிகாரர்களும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் வாக்குமூலமும் உண்மையாக இருக்கக்கூடும். ஒன்றுகூட முழு உண்மை என்று நம்மால் அடித்துச் சொல்ல முடியாது.

கல்கி இந்த இருளைத் தம் வசதிக்காகக் கண்டுபிடிக்கவில்லை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலானோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய சுற்றத்தாரின் உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியைத் தருகிறது. எப்படிக் கொன்றார்கள், பின்னால் நின்றவர் யார் என்று அது சொல்லவில்லை. உத்தம சோழனுக்குப் பங்குண்டு என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார், பிறர் மறுத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளாக வரலாறே அணைத்து வைத்திருக்கும் விளக்கு அது. கல்கி அதைக் கொளுத்த மறுத்தார். அந்த மறுப்பில் அவருடைய கலை இருக்கிறது.

படம் கொளுத்தியது. கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் பார்வையாளர் சாட்சியாகிவிடுகிறார். விக்ரமின் நடிப்பு வலுவானது. ரவி வர்மனின் ஒளிப்பதிவு அழகானது. முதல் பாகத்துக்குக் கிடைத்த தேசிய விருதுகளை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சாட்சிக்கு ஐயம் இல்லை. ஐயம் இல்லாதபோது மணிமேகலையின் பொய் வாக்குமூலத்துக்கும் வேலை இல்லை. ‘மணிமேகலை எங்கே?’ என்று கேட்கும் பட்டியல்காரர்களே, அவள் நேரமின்மையால் மட்டும் விடுபடவில்லை. இருள் போனபின் அந்த இருளில் பொய் சொல்ல வந்தவள் நிற்க இடமேது? பாத்திரத்தை எண்ணினீர்கள், அவள் நின்றிருந்த இருட்டை எண்ணவில்லை.

மதுரையிலிருந்து இந்நாவலை வாசிப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். கரிகாலன் கொண்டது வீரபாண்டியன் தலை. சதிகாரர்கள் பாண்டியனுக்காகச் சபதமேற்ற ஆபத்துதவிகள். நம் ஊரில் நந்தினியின் பக்கம் மனம் சற்றுச் சாயும் வாசகர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அந்தச் சாய்வுக்கு இடம் கொடுத்தது கல்கியின் இருட்டு. ‘அவள்தானா? அவள் அல்லவோ?’ என்று இரு கட்சியாகப் பேசிக்கொள்ள முடிந்தது. வெளிச்சத்தில் கட்சிகள் இல்லை.

இங்கே ‘ஊடகம் வேறு’ அணியினர் திரும்பி வருவார்கள் என்று நமக்குத் தெரியும். ‘காமிரா காட்டித்தானே ஆகவேண்டும்? அதன் இயல்பே அதுதானே?’ என்பார்கள். ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கவேண்டிய நெருக்கடியையும் நினைவூட்டுவார்கள். நேர நெருக்கடியை ஒப்புக்கொள்கிறோம். காட்டித்தான் ஆகவேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

திரை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் திரை என்பது முதலில் மறைப்பது. எழினி என்று காப்பியம் சொல்வதும் அதைத்தான். வட தமிழகத்துத் தெருக்கூத்தில் இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேடம் அதன் பின்னாலிருந்து பாடும். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை ஒலிக்கும், துரியோதனன் தெரியமாட்டான். அந்த மறைப்பின் நேரத்தில்தான் பார்வையாளர் மனத்தில் துரியோதனன் பேருருக் கொள்கிறான். துணி விலகும்போது வருபவர் நமக்குத் தெரிந்த கூத்துக்காரர்தான். அதற்குள் காரியம் முடிந்துவிட்டிருக்கும். காட்சிக் கலைக்கு மறைக்கத் தெரியாது என்று சொல்பவர்கள் நம் காட்சிக் கலையைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் காட்டியவர் விட்டலாச்சாரியா. அவருடைய ‘ஜகன்மோகினி’யில் பிசாசு என்றால் பிசாசுதான், நாம் மகிழ்ந்து சிரித்தோம். அதற்குப் பெயர் மாயாஜாலம். மாயம் வேறு.

திரையில் ஐயத்தை உயிரோடு வைத்திருக்க முடியும் என்பதற்குச் சான்று வேண்டுமா? அது இலக்கியவாதிகள் பெயர் சொல்லக் கூசும் இடத்தில் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கி, சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’. மூலம், மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் இங்கேயே மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவல்.

நம் சிற்றிதழ்ச் சூழல் அவரை வணிக எழுத்தாளர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கி வைத்தது. அவருடைய உரைநடையைப் பற்றி நமக்கும் குறைகள் உண்டு. மொழியில் அவசரம் தெரியும், உரையாடல்கள் விரிவுரையாக நீளும். ஆனால் பெரும் பொருட்செலவில், பெரும் கலைஞர்கள் கூடிச் செய்யத் தவறிய ஒன்றை அந்தத் தொடர் சின்னத் திரையில், சின்னச் செலவில் செய்தது. கிராமத்தில் தவறு செய்தவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள். தண்டிப்பவர் காவல் தெய்வமான கருப்பசாமியா, அவர் பெயரில் உலவும் மனிதரா? இரவு, குதிரைக் குளம்பொலி, இருளில் விரையும் ஓர் உருவம். அதற்கு மேல் காட்டவில்லை. காட்டப் பணம் இல்லாமலும் இருந்திருக்கலாம். கலைக்கு அது கேடாகவில்லை. வாரம் ஒரு முறை வந்ததால் இடைப்பட்ட நாட்களில் தேநீர்க் கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் ஊரே தொதரோவின் தயக்கத்தில் வாழ்ந்தது, தொதரோவைக் கேள்விப்படாமலே.

கதை இறுதியில் பிளவுபட்ட ஆளுமை என்ற உளவியல் விளக்கத்துக்கு வருகிறது. அப்படியானால் ஐயம் தீர்ந்துவிட்டதே என்பீர்கள். தீரவில்லை. ‘யார் செய்தது?’ என்பதற்குத்தான் மருத்துவம் விடை தருகிறது. ‘கருப்பு இருக்கிறாரா?’ என்பதற்கு அது விடையன்று. ஒரு மனத்துக்குள் கருப்பு வந்து குடியேறினார் என்றால், அது நோயா, வருகையா? மருத்துவர் ஒன்று சொல்வார். சாமியாடி வேறொன்று சொல்வார். தொடர் இருவர் வாயையும் அடைக்கவில்லை.

இது ஏன் மதுரைப் பக்கத்து மக்களைப் பற்றிக்கொண்டது என்பதை அறிய அழகர்கோயில் வரை போனால் போதும். அங்கே ராஜகோபுரத்து வாயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. உருவம் கிடையாது. சந்தனம் சாத்திய, அடைத்த பெருங்கதவுகளே தெய்வம். அந்தக் கதவுகளின் முன் சத்தியம் செய்யச் சொன்னால், பொய் வழக்குக்காரர் பின்வாங்கிவிடுவார் என்பது வட்டாரத்தின் உறுதியான நம்பிக்கை. அக்கோயிலைப் பற்றித் தொ. பரமசிவன் செய்த ஆய்வு 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய நூல். மூடிய கதவே தெய்வமாக இருக்கும் ஊரில், எல்லாக் கதவுகளையும் திறந்து காட்டும் கலைக்கு என்ன வேலை?

நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பேருந்தேறி வருகிறவர்கள். காலையில் கருப்பனைக் கும்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு இயற்பியல் படிக்கிறவர்கள். இரண்டில் ஒன்றைக் கைவிடும்படி அவர்களை யாரும் கேட்கவில்லை, அவர்களும் கைவிடவில்லை. நம்பிக்கைக்கும் அறிவுக்கும் நடுவில் உள்ள அந்த ஒடுங்கிய வரப்பில் நடக்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குச் சொல் கொடுக்க வேண்டியது மிகுபுனைவு. கதையையும் ஒளிக்கோவையாக மாற்றித் தந்துவிட்டால், அவர்கள் பார்ப்பார்கள், வியப்பார்கள், கைதட்டுவார்கள். தயங்கமாட்டார்கள். தயங்கத் தெரியாத தலைமுறை ஒன்று எல்லாவற்றையும் கண்மூடி நம்பும். அல்லது எல்லாவற்றையும் கண்மூடி மறுக்கும். இரண்டையும் நாம் இப்போதே கண்டுவருகிறோம். நம் கவலை இதுதான். வெட்டப்பட்ட காட்சிகளைப் பற்றியதன்று.

வகுப்பில் ‘பொன்னியின் செல்வ’னின் மணிமேகலையைப் பற்றிக் கேட்டால், மாதவியின் மகளைப் பற்றி விடை சொல்கிறார்கள். அவர்களை நாம் கடிந்துகொள்வதில்லை. படம் வந்தபின் நாவலைத் தேடி வந்த இளைஞர்கள் பலர் என்பதும் உண்மை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் எந்தப் பதிப்பகத்தின் அரங்கிலும் அது கிடைக்கிறது. புத்தகத் திருவிழாவில் ஐந்து பாகங்களையும் கட்டாகத் தூக்கிச் செல்வதைப் பார்க்கிறோம். இந்த நன்மையைப் படத்தின் கணக்கில் மனமார வரவு வைக்கிறோம். ஆனால் அவர்கள் நாவலுக்குள் நுழையும்போதே வந்தியத்தேவனுக்குக் கார்த்தியின் முகமும் குந்தவைக்குத் த்ரிஷாவின் முகமும் ஒட்டியிருக்கின்றன. மணியத்தின் ஓவியங்களும் ஒரு காலத்தில் இப்படி முகம் ஒட்டியவைதாமே என்று கேட்கலாம். ஆம். ஆனால் மணியம் வாரத்துக்குச் சில கோட்டோவியங்களைத்தான் தந்தார். மிச்சத்தை வாசகருக்கு விட்டுவைத்தார். கோட்டோவியத்தில் முகம் முழுமையாக மூடிக்கொள்வதில்லை.

படத்தின் வசனம் ஜெயமோகனுடையது. தமிழில் முழுமையான மிகுபுனைவு என்று சொல்லத்தக்க ‘விஷ்ணுபுரம்’ எழுதியவர் அவர். மாயத்தின் நுட்பம் அறியாதவர்கள் செய்த படம் என்று ஆகவே எவரும் சொல்ல முடியாது. அறிந்தவர்கள் இருந்தும் ஐயம் திரையேறவில்லை என்றால், பார்வையாளர் இருட்டைத் தாங்கமாட்டார் என்று தமிழ்ப் பெருந்திரை முடிவு கட்டியிருக்கிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த முடிவு தவறு. வாரக்கணக்கில் குளம்பொலியை மட்டும் கேட்டுக்கொண்டு காத்திருந்த மக்கள் இவர்கள்தாம்.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நாவல் திரைக்கு வரும்போது, வரத்தான் போகிறது, கையில் பட்டியலோடு அரங்குக்குள் போகாதீர்கள். எந்தப் பாத்திரம் விடுபட்டது, எந்தப் போர் சுருங்கியது என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நாவலில் நீங்கள் எங்கே தயங்கினீர்களோ அந்த இடத்தில் திரையின் முன்னும் தயங்கினீர்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தயங்கியிருந்தால், பாதிக் கதை காணாமல் போயிருந்தாலும் அது நல்ல தழுவல். தயங்கவில்லை என்றால், வரிக்கு வரி எடுத்திருந்தாலும் அது நாவலின் வண்ணப்படப் புத்தகமே.